மலையைச் சுற்றிக் கட்டிய மழைக் கட்டுரை

எங்கள் ஊரின் பழைய நினைவுகளைத் திரட்டிப் பாதுகாத்துவரும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

இதை வாசிக்கப் புகும் தங்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்திருப்பது ஒரு மகிழ்ச்சியான செய்தி. நினைக்குந்தோறும் இன்றும் என் நெஞ்சு துள்ளுகிறது. ஆகவே எழுத்து ஆங்காங்கே சற்று ஓடினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் எந்தப் பள்ளியிலும் ஆசிரியப் பணி ஆற்றியவன் அல்லன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றது. திருவண்ணாமலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் பகல் முழுவதும் எழுத்தராக இருந்தேன். மாலையில் பழைய நூல்களை விரித்து வைத்துக்கொண்டு, எனக்கு நானே ஆசிரியனாகவும் மாணவனாகவும் இருந்து படித்தேன். கல்லூரி வாயிலை மிதிக்காதவரும் தனியாகப் படித்துப் புலவர் தேர்வு எழுதலாம் என்னும் வசதி அந்நாளில் இருந்தது. இலக்கியம், இலக்கணம், கட்டுரை ஆகியவற்றில் தேறினால் போதும். பள்ளியில் தமிழாசிரியர் ஆகலாம். அத்தேர்வை எழுதி நான் தேறினேன். தேறிய பின்னும் மண்டியை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் தேறிய செய்தி ஊரில் பரவியதும், அத்தேர்வை எழுத விரும்பியோர் ஒவ்வொருவராக என்னைத் தேடி வந்தனர். எழுபதுகளின் நடுவில், தேரடித் தெருவுக்குப் பின்புறம் இருந்த ஒரு சத்திரத்தின் மாடியில் மாலை வகுப்பைத் தொடங்கினேன்.

வந்தவர்கள் பலர். இவ்வரலாறு அவர்களுள் நால்வரைப் பற்றியது. ஒருவர் வேலூருக்குப் போய்வரும் தனியார் பேருந்தின் நடத்துநர். மற்றொருவர் ஜவுளிக்கடையில் வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டுபவர். மூன்றாமவர் செங்கம் சாலையில், ஆசிரமத்தை ஒட்டிய பகுதியில், வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதி ஒன்றின் மேலாளர். நான்காமவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தில் வந்துபோன ஓர் அம்மையார். அவருக்கு முப்பது வயதிருக்கும். மணவாழ்வு முறிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவர். அங்கே கடலை வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் உழைத்துவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு வகுப்புக்கு வந்து அமர்வார்.

அவருக்கு மட்டும் இத்தேர்வு வாழ்வா தாழ்வா என்னும் நிலையில் இருந்தது. அவர்கள் ஊருக்கு அருகில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் இடம் காலியாயிற்று. அப்பள்ளியின் தாளாளர் அம்மையாரின் அண்ணனிடம், "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள உன் தங்கச்சி பாஸ் பண்ணிட்டு வரட்டும், எடத்த புடிச்சி வெக்கிறேன். இல்லன்னா போளூர்லருந்து ஒரு ஆளு ரெடியா நிக்கிறான்" என்று கூறியிருந்தார். அம்மையார் இதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். சொல்லிவிட்டு, "எங்கண்ணன் நல்லவருதாங்க. ஆனா அது அவரு வூடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்கு ஒரு தொல்லை இருந்தது. சத்திரத்தில் அன்றுதான் திருமணங்கள் நடக்கும். முதல் ஞாயிறன்று நாங்கள் ஏடும் எழுதுகோலுமாகப் போய் நிற்க, வாயிலில் வாழைமரம் கட்டியிருந்தது. மாடிப்படியில் காய்கறி மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. தலைப்பாகை கட்டிய சமையற்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, "ஐயா, இன்னிக்கி இலக்கணம் இல்லீங்க, இலைதான்!" என்று சிரித்தார்.

"திரும்பிடலாங்களா?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

எனக்கு ஏனோ அன்று திரும்ப மனமில்லை. "செருப்பைக் கழற்றுங்கள், நடப்போம்" என்றேன்.

அவ்வாறு பிறந்ததுதான் எங்கள் நடைவகுப்பு. அக்காலத்தில் பௌர்ணமியைத் தவிர மற்ற நாள்களில் மலைசுற்றும் சாலையில் கூட்டம் இராது. இருபுறமும் புளியமரங்கள். இடையிடையே மாட்டு வண்டிகள். மலையை வலப்புறம் வைத்து வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நாங்களும் அவ்வாறே நடந்தோம். வழியில் உள்ள எட்டு லிங்கங்களும் எங்கள் பாடவேளை மணிகளாயின. ஒரு லிங்கத்திலிருந்து அடுத்தது வரை இலக்கியம், அதன்பின் இலக்கணம், அதன்பின் கட்டுரை.

ஐயா, நடந்துகொண்டே பழம்பாடல் சொல்லித் தரும் இன்பத்தை எந்தச் சொல்லால் உரைப்பேன்! பாலை நிலத்தைப் பற்றிப் புத்தகத்தில் எவ்வளவோ படிக்கலாம். பங்குனி மாதத்தில் பதினொரு மணிக்குச் செங்கம் சாலையின் தாரில் உள்ளங்காலை வைத்துப் பாருங்கள். தலைவியை விட்டுப் பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் ஏன் பாதி வழியில் மனம் கலங்குகிறான் என்பது விளக்கவுரை இல்லாமலேயே விளங்கிவிடும். "ஐயா, தலைவன் செருப்பு போட்டிருந்தானுங்களா?" என்று விடுதி மேலாளர் துள்ளிக்கொண்டே கேட்டார். மலையின் பின்புறத்தில், மாடுகள் மேயும் புல்வெளி தொடங்கும் இடத்தில் முல்லைத் திணையைத் தொடங்கினால், நிழலுக்கு வந்த மகிழ்ச்சியில் நால்வரும் அதை ஒரே மூச்சில் கற்றுக்கொள்வார்கள்.

இலக்கணம் நடத்துநருக்கு உரியது. பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு "போளூர், ஆரணி, வேலூர்!" என்று கூவும் அதே குரலில், "இயல்பு, தோன்றல், திரிதல், கெடுதல்!" என்று சாலை அதிரக் கூவுவார். மரத்தடியில் அமர்ந்திருந்த சாமியார் ஒருவர் திடுக்கிட்டுக் கண் விழித்து, "இன்னாப்பா மந்திரம் இது?" என்று கேட்டார்.

"பாஸ் ஆவற மந்திரம் சாமி. நூத்தியெட்டு வாட்டி சொன்னா கவருமெண்டு வேலை."

"எனக்கும் சொல்லிக் குடேன்" என்றார் சாமியார்.

கட்டுரைதான் கடினமாக இருந்தது. எங்கள் ஊராருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மூன்றாம் பத்திக்குள் மலைக்கு வந்து, ஐந்தாம் பத்தியில் உச்சியில் தீபம் ஏற்றிவிடுவார்கள். 'சிக்கனம்' என்னும் தலைப்பில்கூட ஜவுளிக்கடைக்காரர் தீபத்துக்கு நெய் ஊற்றி முடித்தார். "தேர்வுத்தாள் திருத்துபவர் எந்த ஊரிலோ இருக்கிறார், அவருக்கு நம் மலை தெரியாது" என்று சொல்லி, கட்டுரையில் மலை வரக்கூடாது என்று தடை விதித்தேன். தடை விதித்ததும் நால்வருக்கும் எழுதவே வரவில்லை! ஆகவே வேறொரு வழியைக் கண்டேன். முதல் வாக்கியத்தை நான் சொல்வேன். நடந்துகொண்டே அடுத்தவர் அதன் பொருளைப் பிடித்து இரண்டாம் வாக்கியத்தைக் கட்ட வேண்டும். அதைப் பிடித்து மூன்றாமவர். இவ்வாறு ஒரு கட்டுரை முழுமையாகும் வரை வாக்கியங்கள் கைமாறும். நான் இதற்குத் 'தொடர்க் கட்டுரை' என்று பெயரிட்டேன். நடத்துநர் அப்பெயரை ஏற்கவில்லை.

"கட்டடம் கட்டறாங்களே, கீழேருந்து மேல வரைக்கும் வரிசையா நின்னு சாந்துச் சட்டிய கை மாத்தி வுடுவாங்க, அதாங்க இது. சட்டி மாத்தறது."

அப்பெயரே நிலைத்தது. வாக்கியம் தோன்றாமல் தடுமாறியவர் சட்டியைக் கீழே போட்டவர் ஆவார். அவர் அடுத்த லிங்கம் வரும் வரை புணர்ச்சி விதிகளை உரக்கச் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நடுவழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் இருந்தும் எவரும் ஒதுங்கவில்லை. நான் நனைந்துகொண்டே, "எல்லோர் வீட்டுக்கும் ஒரே நாளில் வரும் விருந்து மழை ஒன்றே" என்று தொடங்கினேன்.

"அவ்விருந்து பயணச்சீட்டு வாங்காமல் பேருந்தில் ஏறும், அதனை இறக்கிவிட எந்த நடத்துநராலும் இயலாது" என்றார் நடத்துநர்.

"இறக்கிவிட நினைப்பவர் நாமே, வெளிநாட்டார் மழை கண்டால் வெளியே ஓடுகின்றனர், நாம் உள்ளே ஓடுகின்றோம்" என்றார் விடுதி மேலாளர்.

கீழ்பென்னாத்தூர் அம்மையார் முந்தானையைப் பிழிந்துகொண்டே, "உள்ளே ஓடவும் வெளியே ஓடவும் தெரியாமல் நிற்பவன் கடலை பயிரிட்டவன், செடி பிடுங்க ஒரு தூறல் வேண்டும், பிடுங்கிக் காயவைத்தபின் ஒரு துளியும் ஆகாது" என்றார். நாங்கள் நின்று கைதட்டினோம். ஜவுளிக்கடைக்காரர் உணர்ச்சிவசப்பட்டு, "ஒரு துளி போதும், மலை தன் பழந்துணியைக் களைந்து பச்சைப் புடவை உடுத்திக்கொள்ளும்" என்று மலையைக் கொண்டுவந்துவிட்டார். தடையை மீறினாலும் அவ்வாக்கியத்தின் அழகை முன்னிட்டு மன்னித்தோம். மழை விடும்வரை சட்டி ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. அக்கட்டுரை எங்கள் ஐவருக்கும் அப்படியே நெஞ்சில் ஊறிவிட்டது. அதன்பின் எத்தனையோ ஞாயிறுகளில், யாரும் கேட்காமலேயே, அதைப் பாட்டுப் போலச் சேர்ந்து சொல்லிக்கொண்டு நடந்தோம்.

சித்திரையில் தேர்வு. கட்டுரைத்தாள் அன்று மண்டியில் அனுமதி வாங்கிக்கொண்டு தேர்வுக்கூட வாயிலில் காத்திருந்தேன். மணியடித்ததும் நடத்துநர் முதலில் ஓடிவந்தார்.

"ஐயா! மழை! மழைதான் கேட்டிருக்கான்!"

"எழுதினீர்களா?"

"ஒரு எழுத்து வுடல!"

பின்னால் வந்த ஜவுளிக்கடைக்காரர், "நானுந்தான்!" என்றார். விடுதி மேலாளர், "நானும் அதையேதான் எழுதினேன்!" என்றார். அம்மையார் சிரித்த முகத்தோடு வந்து, "நானுங்க ஐயா. எல்லார் வரியும் எழுதிட்டேன்" என்றார். ஐயா, தாங்கள் நம்ப வேண்டும். எங்கள் ஐவருள் ஒருவருக்கேனும் அப்போது ஒரு சிறு ஐயம்கூட எழவில்லை. நடத்துநரை ஜவுளிக்கடைக்காரர் தூக்கிச் சுற்றினார். எதிரே இருந்த கடையில் பஜ்ஜியும் தேநீரும் வாங்கி உண்டு, அடுத்த ஆண்டு கேட்கப்போகும் தலைப்பு எதுவாக இருக்கும் என்று பேசிக்கொண்டே கலைந்தோம்.

தேர்வு முடிவுகளைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நால்வரின் எண்களும் பட்டியலில் இல்லை. அடியில் வேறாக ஒரு வரி இருந்தது. ஒரே தேர்வறையில் எழுதிய நால்வரின் விடைத்தாள்கள் ஒன்றுபோல் இருப்பதால், பார்த்து எழுதியதாக ஐயுற்று, முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும், விசாரணைக்கு வரவேண்டும் என்றும் கண்டிருந்தது.

"நம்ம வண்டி இன்னும் ஸ்டாண்டுக்கே வரலீங்க ஐயா" என்று நடத்துநர் சிரிக்க முயன்றார். எவரும் சிரிக்கவில்லை.

அம்மையார் அவ்வரியை முழுவதும் படித்தார். பின்னர், "பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்குதுங்க. அண்ணி முன்னாடியே சொல்லிட்டாங்க, பாஸாவலன்னா தொழுவம் கூட்டற ஆள நிறுத்திடலாம், இனிமே இவ வூட்டுலதானே இருப்பான்னு" என்றார். அவர் அழவில்லை. அது எனக்குப் பெரும் அச்சத்தைத் தந்தது.

அன்று மாலை சத்திரத்து மாடியில் கூடினோம். நடத்துநர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நான் ஒண்ணு சொல்றேன், யாரும் குறுக்க பேசாதீங்க. நான்தான் அந்தம்மா தாளப் பாத்து எழுதினேன், இவங்க ரெண்டு பேரும் என் தாளப் பாத்தாங்கன்னு சொல்லிட்றேன். எங்களுக்கு இன்னா, எனக்கு வண்டி இருக்கு, இவருக்குக் கடை இருக்கு. அந்தம்மா தப்பிச்சிக்கிட்டும்."

"ஆமாங்க, அதான் சரி" என்றார் ஜவுளிக்கடைக்காரர். விடுதி மேலாளரும் தலையசைத்தார்.

அம்மையார் எழுந்துவிட்டார். "உங்க மேல பொய்ப் பழி போட்டுட்டு நான் போய் எந்தப் புள்ளைக்குக் கட்டுரை சொல்லிக் குடுப்பேன்? நாம நடந்து கட்டினது அது. நடந்தத நடந்தபடி சொல்லலாம். போனா போவுது."

"போனா போவுதுன்னு சொல்ற வேலையாம்மா அது?" என்று நடத்துநர் கோபித்தார்.

"இல்லதாங்க" என்றார் அம்மையார். ஆயினும் அவர் மாறவில்லை.

விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார். வயது முதிர்ந்த தமிழ்ப் பேராசிரியர். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, கக்கத்தில் குடை. பள்ளியின் ஓர் அறையில் மேசைமேல் நான்கு விடைத்தாள்களையும் அருகருகே பரப்பினார். நானும் உடன் நிற்க அனுமதி பெற்றேன்.

"பயணச்சீட்டு வாங்காத மழை நாலு தாளிலும் ஏறியிருக்கு" என்றார் அவர். "இதில் யாருடையது அசல்?"

"நாலும் அசலுங்க" என்றார் அம்மையார். "நாங்க நாலு பேரும் ஐயாவும் மலைய சுத்திக்கிட்டே கட்டினதுங்க. ஆளுக்கு ஒரு வரி."

"நடந்துகொண்டே கட்டுரையா? என்னிடமே விளையாட்டா?"

நான் கைகூப்பி முறையை விளக்கினேன். அவர் முகம் இளகவில்லை. "ஐயா, தாங்களே ஒரு தலைப்பைத் தாருங்கள். தங்கள் எதிரிலேயே கட்டிக் காட்டுவோம். காட்ட இயலாவிடில் தாங்கள் வழங்கும் தண்டனையை ஏற்போம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு கால் முறிந்த நாற்காலி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "அதோ, அந்த நாற்காலி. தொடங்குங்கள்."

"பழுதுபட்ட பொருள்களுள் தன் கணக்கைத் தன் பெயரிலேயே சுமப்பது நாற்காலி ஒன்றே" என்று தொடங்கினேன். நால்வரும் விசிப்பலகையில் வரிசையாக அமர்ந்திருந்தனர். ஜவுளிக்கடைக்காரர் வியர்த்தார். "அக்கணக்கு... அக்கணக்கு..." என்றார். அவ்வளவுதான். நடத்துநர் கூரையைப் பார்த்தார். விடுதி மேலாளர் தரையைப் பார்த்தார். சட்டி கீழே விழுந்து உடைந்துவிட்டது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

அப்போது அம்மையார், "ஐயா, நடக்கலாங்களா?" என்று கேட்டார்.

"என்னது?"

"எங்களுக்கு உக்காந்து பழக்கமில்லீங்க. நடந்தாதான் வரும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். எதையோ மறுக்க வந்தவர், மறுக்காமல் எழுந்தார். எல்லோரும் வெளியே வந்தோம். பள்ளிக் கட்டடத்தை வலப்புறம் வைத்து நால்வரும் தாமாகவே நடக்கத் தொடங்கினர். நடத்துநர் பழக்கதோஷத்தால் திரும்பி, "சார், செருப்ப கழட்டிடுங்க" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பெரியவரோ ஒரு கணம் திகைத்துவிட்டுச் செருப்புகளைப் படிக்கட்டில் கழற்றி வைத்தார்! குடையை விரித்துக்கொண்டு, சுடுமணலில் எங்களோடு நடந்தார். பள்ளிக் காவலாளி வாயிலருகில் வாய் திறந்து நின்றார்.

நான் முதல் வாக்கியத்தை மீண்டும் சொன்னேன்.

ஜவுளிக்கடைக்காரர் இம்முறை இடறவில்லை. "மூன்று காலோடு நிற்பதை நாற்காலி என்று அழைப்பது, கிழிந்த புடவையை மடிப்பு மாற்றிக் காட்டுவதற்கு ஒப்பாகும்."

"மடிப்பு மாற்றிக் காட்டினும் வாங்குவோர் இன்மையால், இறங்க வேண்டிய நிறுத்தம் மறந்த பயணியைப் போல அது ஓரத்தில் நிற்கின்றது" என்றார் நடத்துநர். அவர் குரலில் பழைய மணி வந்துவிட்டது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று உள்ளம் கூவியது.

அடுத்து அம்மையார். அவர் மண்ணைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்: "ஓரத்தில் நிற்பதனால் அதற்கு வேலை இல்லை எனக் கருதலாகாது, தன் பாரத்தைத் தாங்கும் சுவருக்கு அது நாள்தோறும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கின்றது, அதனினும் களைப்பு தரும் வேலை வேறில்லை."

அடுத்தது விடுதி மேலாளரின் முறை. அவர் வாயைத் திறந்தார், வாக்கியம் வரவில்லை. பத்தடி நடந்தோம். இருபதடி நடந்தோம். கட்டடத்தின் மூலையில் திரும்பினோம். சட்டி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுவர் அந்த நன்றியை ஒருநாளும் கேட்டதில்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. குடைக்குள்ளிருந்து வந்த குரல். "ஒரு காலைப் பொருத்திவிட்டால் இது வகுப்பறையின் நடுவில் போய் நிற்கும் என்பதைச் சுவர் அறியும்."

நாங்கள் ஐவரும் நின்று திரும்பினோம். பேராசிரியர் தாம் சொன்னதைக் கேட்டுத் தாமே வியந்தவராய் நின்றார்.

"சாரு சட்டிய புடிச்சிட்டாரு!" என்று நடத்துநர் கத்தினார்.

அம்முதியவர் சிரித்தார். எப்படிச் சிரித்தார்! குடை குலுங்கியது. காவலாளியும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தார். அதன்பின் கட்டுரை முடியும் வரை அவரும் ஆறாவது ஆளாக எங்களோடு சுற்றினார். ஒருமுறை தடுமாறிச் சட்டியைக் கீழே போட்டார். புணர்ச்சி விதிகளைச் சொல்லும் தண்டனை அவருக்கும் உண்டா என்று விடுதி மேலாளர் என் காதில் கேட்க, நான் அவரை முறைத்து அடக்கினேன்.

அறைக்குத் திரும்பியதும் அவர் மீண்டும் அதிகாரியாகிவிட்டார். "சேர்ந்து படிப்பது குற்றமில்லை. நீங்கள் பார்த்து எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் தேர்வுத்தாள் என்பது ஒருவர் கை. மழையை நான் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்றார். பின்பு நால்வரையும் நான்கு மூலைகளில் அமர்த்தி, நான்கு வெவ்வேறு தலைப்புகள் தந்து, மறுபடி எழுதச் சொன்னார்.

"உக்காந்தாங்களா?" என்று நடத்துநர் நடுங்கினார்.

"எழுந்து நடந்துகொண்டு எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் வாய் திறக்கக் கூடாது."

அவ்வாறே நால்வரும் தத்தம் மூலையில், கூண்டுக்குள் உலவும் புலிகளைப் போல முன்னும் பின்னும் நடந்து, உட்கார்ந்து எழுதி, மீண்டும் எழுந்து நடந்தனர். அம்மையாருக்கு வந்த தலைப்பு 'காத்திருத்தல்'. அவர் என்ன எழுதினார் என்பதை நான் இன்றுவரை படித்ததில்லை. தாள்களை வாங்கிப் படித்த பேராசிரியர் அத்தாளை மட்டும் இரண்டாம் முறை படித்தார். புறப்படும்போது அம்மையாரிடம், "பள்ளி எப்போது திறக்கிறார்கள்?" என்று கேட்டார். திறக்கும் நாளை அவர் சொன்னதும், "பார்க்கலாம்" என்றார்.

அதன்பின் வந்த நாள்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மண்டியில் மூட்டைகளைத் தவறாக எண்ணி முதலாளியிடம் வசவு வாங்கினேன். தபால்காரர் தெரு முனையில் தென்பட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். "இன்னா சார், உங்களுக்குக் கல்யாணமா?" என்று அவர் கேலி செய்தார். நடைவகுப்பு பின்னும் தொடர்ந்து, எண்பதுகளின் நடுப்பகுதி வரை எத்தனையோ பேர் எங்களோடு நடந்தார்கள். பின்னர் மலைசுற்றும் சாலையில் கூட்டமும் ஒலிபெருக்கியும் மிகுந்து, ஒருவர் வாக்கியம் மற்றவருக்குக் கேட்காமல் போனதால் நிறுத்தினேன். அவ்வாண்டுகள் அனைத்திலும் தேர்வு முடிவுகளுக்குக் காத்திருந்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாரத்தைப் போல எதுவும் இல்லை.

பள்ளி திறப்பதற்கு முந்திய நாள் முடிவு வந்தது. மூவர் தேறினர். நடத்துநர் இலக்கணத்தில் நான்கு மதிப்பெண்ணில் தவறினார். "மூணு வருசமா கத்தினது நானு, பாஸானது மத்தவங்களா? அந்தச் சாமியாரு பரீட்சை எழுதியிருந்தா அவருகூட பாஸாயிருப்பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். அடுத்த ஆண்டு அவரும் தேறினார் என்பதையும் இங்கேயே பதிந்துவிடுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் அம்மையார் தம் அண்ணனோடு அன்றே மண்டிக்கு வந்தார். நேராகத் தாளாளரிடம் போய்ச் சான்றைக் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலை பணியில் சேர வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டாராம். அம்மையார் என் காலில் விழக் குனிந்தார். நான் தடுத்து, "வேண்டாம் அம்மா, இனி நாம் இருவரும் ஒரே தொழிலினர்" என்றேன். அவர் அரிசி மூட்டைமேல் சற்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அண்ணன் உயரமான மனிதர். கடலை மண் படிந்த வேட்டி. என்னிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஐயா, எங்க வூட்டுல இதுவரைக்கும் யாரும் கையெழுத்துப் போட்டு சம்பளம் வாங்கினதில்லீங்க" என்றார்.

பேருந்து ஒலி எழுப்பியது. அண்ணன் சாலைக்கு ஓடிக் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு தங்கையைக் கூப்பிடத் திரும்பினார். நாள்தோறும் அவளை எப்படி அழைப்பாரோ, அப்படியே கூப்பிட வாயைத் திறந்தவர், சற்றே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரு," என்றார், "வண்டி வந்துடிச்சி. ஏறுங்க."

அம்மையார் எழுந்து போய் முன்வாயிலில் ஏறினார்.

ஐயா, அம்மையீர், இவை எந்தப் பள்ளியின் பதிவிலும் இல்லாதவை. ஆகவே எழுதினேன். இத்தாள்களைத் தங்களிடம் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.